பானட்டின் மேல் ஒரு குடம் தண்ணீர்

என் பெரியப்பா பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, வாய் தவறியும் சொல்லவில்லை. பால் சொசைட்டி வாசலில், அத்தனை பேர் நடுவில், தன் புதுக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். அந்தப் பொய்யைக் காப்பாற்ற என் தாய்மாமன் மேல் ஒரு பழியையும் போட்டார். அந்தப் பழி இன்றைக்கும் மாமாவின் மேல் அப்படியே கிடக்கிறது.

இதை எதற்கு நம் பள்ளி மலரில் எழுதுகிறாய் என்பீர்கள். மறக்க முடியாததை எழுது என்று கேட்டது கூடப் படித்த நீங்கள்தான். எனக்கு மறக்க முடியாதது இதுதான். போதாக்குறைக்குப் பழைய மாணவர் விழாவுக்கு என் பெரியப்பாவையே தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆற்றங்கரையில் மரக்கன்று நடப் போகிறாராம். தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறாராம். அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்குக் காது சூடேறிவிட்டது.

அந்தக் கறுப்புக் கார் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாம் ஐந்தாம் வகுப்பு. உங்களில் பாதிப் பேருடைய வீட்டில் பனியன் கம்பெனியோ சாயப்பட்டறையோ இருந்தது, ஆனாலும் அப்படி ஒரு கார் யார் வீட்டிலும் இல்லை. மழைக்காக என்னை ஒருநாள் அதில் கொண்டுவந்து விட்டார்கள். நீங்கள் எல்லாரும் சுற்றி நின்று கதவில் பல்லைக் காட்டி முகம் பார்த்தீர்கள். உங்களில் ஒருத்தன் பின்பக்கச் சேற்றில் விரலால் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினான். மறுநாள் பெரியப்பா தலைமை ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். அவனை மைதானத்தில் முட்டி போட வைத்தார்கள். எழுதியவன் இப்போது விழாக் குழுவில் இருக்கிறான். அவனுக்கு முட்டி வலி மறந்துவிட்டது போலிருக்கிறது.

நான் அன்றைக்கு அவனுக்காக வருத்தப்படவில்லை. நம் காரில் கை வைத்தால் இப்படித்தான் என்று பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

எங்கள் சாயப்பட்டறை மண்ணரைப் பக்கம் இருந்தது. வீடு பட்டறைக்கு முன்னால், வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடு பட்டறைக்குப் பின்னால். பெரியப்பாதான் முதலாளி. அப்பா அவருக்குக் கீழே, பேருக்குப் பங்குதாரர். கார் வந்த வாரமே பெயிண்டுக்கு கோட்டிங் போடக் கோயமுத்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார் பெரியப்பா. அந்த கோட்டிங்காரர் ஷெட்டில் வைத்து நாள் முழுக்க வேலை செய்தார். முதலில் கழுவினார், களிமண் மாதிரி ஒன்றை வைத்துத் தேய்த்து அழுக்கெடுத்தார், பிறகு வட்டமான பஞ்சில் எதையோ தொட்டுத் தொட்டுப் பூசித் துடைத்தார். ஷெட்டெல்லாம் பெட்ரோலும் வாழைப்பழமும் கலந்த மாதிரி ஒரு வாசம். முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை பானட்டில் தெளித்துக் காட்டினார். தண்ணீர் பரவவில்லை. முத்து முத்தாக உருண்டு நின்றது. பெரியப்பா சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

போகும்போது கோட்டிங்காரர் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் நிறுத்திக் கழுவக் கூடாது. ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொரு பக்கெட். மேலேயிருந்து கீழே வர வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஈரத்தைக் காயவிடாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும். பனியன் வேஸ்ட் துணியால் தொடவே கூடாது, தையலும் நூல் முடிச்சும் கோடு கோடாக இழுத்துவிடும்.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பட்டறை ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீர் வண்டி மேல் படவே கூடாது. உப்பு காய்ந்தால் பெயிண்டைத் தின்றுவிடும் என்றார். எவ்வளவு கோட்டிங் போட்டாலும் அந்தத் தண்ணீருக்கு நிற்காது என்றார். பெரியப்பா தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பனியன் வேஸ்ட் கூடாது என்றது பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது. இந்த ஊரில் மிஷினிலிருந்து சைக்கிள் வரை எதைத் துடைக்கவும் அதுதானே. அவர் நேராகப் போய் ஏற்றுமதிக்கு வைத்திருந்த வெள்ளை இன்டர்லாக் துணி ரோலிலிருந்து தையலே இல்லாமல் துணி வெட்டிக்கொண்டு வந்தார். குழந்தைச் சட்டைக்கான துணி. கையில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்தத் தீபாவளிக்குப் பட்டறை ஆட்களுக்கு ஓட்டை விழுந்த ரிஜெக்ட் பனியன் கொடுத்தார்கள். காருக்கு இது.

தண்ணீருக்கும் அதே கதைதான். வீட்டுக்குச் சமைக்க, குடிக்க லாரியில் ஆற்றுத் தண்ணீர் வரும். பட்டறைகள் இல்லாத மேல் ஊரிலிருந்து வருகிற நல்ல தண்ணீர். அதில் ஒரு பங்கு காருக்கு என்று ஷெட்டுப் பக்கம் தனித் தொட்டி கட்டி, பூட்டும் போட்டார்கள். லைன் வீட்டுக்கு, பட்டறைக் கழிவு மண்ணில் இறங்கி உப்பேறிய போர்த் தண்ணீர். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். குளித்துவிட்டு வந்தால் கையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு அவர்கள் தெருக்குழாயில் வரிசை நிற்க வேண்டும்.

கார் கழுவுகிற வேலையை லைன் வீட்டு அக்காவிடம் கொடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை தொங்கும். புருஷனுக்கு எங்கள் பட்டறையில் சாயத்தொட்டி வேலை. அக்காவிடம் ஒரு அலுமினியத் தேக்சாப் பாத்திரம் இருந்தது, ஒரு பக்கம் நசுங்கியது. ஷாம்பூ போன பிறகு கடைசியாக நல்ல தண்ணீர் ஊற்றி அலசும்போது அதைக் காரின் பம்பருக்குக் கீழே வைத்துவிடுவார். வழிகிற தண்ணீர் அதில் விழும். அதைக் கொண்டுபோய்த் தன் குழந்தையின் துணி அலசுவார்.

ஒருநாள் நான் எதற்கென்று கேட்டேன்.

"போர்த் தண்ணில சோப்பு நுரைக்க மாட்டேங்கு பாப்பா. பிள்ளைக்குத் துணி முரமுரன்னு நின்னு அறுக்கு. இது உங்க பெரியப்பா கார் குளிச்ச தண்ணி. இதுல அலசினா நல்லா மெத்துன்னு இருக்கு" என்றார். பிறகு, "பெரியம்மாட்டச் சொல்லிராத, என்ன?" என்று சிரித்தார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன தப்பு இருக்கிறது என்றும் தோன்றவில்லை. காரில் வழிந்ததை ஒரு குழந்தைக்கு எடுப்பது எனக்கு அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் அம்மா பிறந்த ஊர் முதலிபாளையம் தாண்டி, ஆற்றை ஒட்டி. பட்டறைகள் விடுகிற சாயத் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். மாமா அங்கே விவசாயம் பார்த்தார். கிணறும் தென்னந்தோப்பும் இருந்தன. அந்த வருஷம் இளநீர் வெட்டிக் கொடுத்தால் உப்புக் கரித்தது. காய் முஷ்டி அளவுக்குத்தான் வந்தது. மாமாவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். அதில் எங்கள் பட்டறையின் பேரும் இருந்தது.

பெரியப்பா பேசித் தீர்க்கக் கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெண் கூட வந்தால் மரியாதை என்று அம்மாவையும் ஏற்றினார். அப்பா முன்னால் உட்கார்ந்தார். நான் அம்மா மடியில் ஒட்டிக்கொண்டேன். காலையில்தான் அக்கா காரை நல்ல தண்ணீரில் கழுவி, இன்டர்லாக் துணியால் துடைத்திருந்தார். புழுதி பறந்தால் பெயிண்டில் படும் என்று டிரைவர் மண் ரோட்டில் உருட்டிக்கொண்டே போனார்.

பால் சொசைட்டி வாசலில் கூட்டம். மத்தியான வெயில். நிழலெல்லாம் பால் கேனும் ஆட்களும். காரை நடு வெயிலில்தான் நிறுத்த முடிந்தது. பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

முதலில் எல்லாரும் அமைதியாகத்தான் பேசினார்கள். நம் ஊர்ச் சண்டை அப்படித்தானே, கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' விடமாட்டார்கள். கிணறு போச்சுங்க என்றார் ஒருவர். மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியலீங்க என்றார் இன்னொருவர். பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் காரின் பானட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"ஏனுங்க, நாங்க என்ன வெசத்தையா உடறோம்? இந்த வண்டிய தெனமும் எங்க பட்டறை போர்த் தண்ணியிலதானுங்க கழுவறோம். வந்து பெயிண்ட்டப் பாருங்க. இரும்புக்கும் பெயிண்ட்டுக்குமே ஒண்ணும் பண்ணாத தண்ணி, உங்க தென்னைய என்னங்க பண்ணிரப் போகுது?"

வந்து பார்த்தார்கள். உண்மையிலேயே எழுந்து வந்து பார்த்தார்கள். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, குனிந்து, கதவில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரியேதான். கண்ணாடியாட்டத்தான் இருக்குது என்று ஒருவர் சொன்னார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும், பால் கேன் மேல் உட்கார்ந்திருந்தவர், "போன வாரம் ஆறு செவப்பாப் போச்சு, இந்த வாரம் நீலமாப் போகுது. அந்தத் தண்ணியே பெயிண்ட்டுதானுங்களே, அது எப்பிடி பெயிண்ட்டக் கெடுக்கும்?" என்றார். சிரித்தார்கள். சிரித்துவிட்டாலும் பெரியப்பாவின் பேச்சு எடுபட்டுவிட்டது. மனு வேண்டாம், இன்னொருக்கா யோசிக்கலாம் என்று பேச்சு திரும்பியது.

எனக்கு உண்மை தெரியும். டிரைவருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். பூட்டு போட்ட தொட்டித் தண்ணீரில்தான் காரைக் கழுவுகிறார்கள் என்று அம்மாவுக்கும் தெரியும். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். விரல் வலித்தது.

மாமா எழுந்து தோப்புப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அவர் மோட்டாரைப் போட்டு, குழாயிலிருந்து எவர்சில்வர் குடத்தில் பிடித்தார். குடத்தில் வேறு எதுவும் இல்லை. முதலில் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் பிடித்தார். நான் கூடவே நின்று பார்த்தேன். என் முகத்திலும் கொஞ்சம் தெளித்து, "வெயில் சாஸ்தியா இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். தண்ணீர் உதட்டில் கரித்தது.

குடத்தைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து காருக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், எங்க கெணத்துல ஊறறதும் உங்க பட்டறைத் தண்ணிதானுங்க. ஒரு கொடம் இதும்மேல ஊத்திக்கிறனுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே சொல்லீட்டீங்க."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

"ஊத்து மாப்பிள்ள. வண்டியும் சித்த குளிக்கட்டும்" என்று சிரித்தார்.

மாமா நிதானமாக, பானட் முழுக்கப் படுகிற மாதிரி ஊற்றினார். பழக்கத்தில் டிரைவர் துணியோடு ஓடிவந்தார்.

"தொடைக்காதீங்க. காயட்டும்" என்றார் மாமா.

காத்திருந்தோம். வேறு எந்தக் காராக இருந்தாலும் தண்ணீர் வழிந்து ஓடியிருக்கும். இது கோட்டிங் போட்ட பெயிண்ட். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அந்த அழகுக்குத்தானே கோட்டிங்காரரைக் கூப்பிட்டார்கள். கறுப்புத் தகரம் வெயிலில் கொதித்தது. ஒவ்வொரு முத்தும் சுருங்கியது. சுருங்கச் சுருங்க ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விட்டது. கொஞ்ச நேரத்தில் பானட் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. சொசைட்டி செயலாளர் ஒரு வளையத்தை விரலால் தேய்த்தார். பொடி வந்தது, தழும்பு போகவில்லை. விரலை நாக்கில் வைத்தார். உப்புங்க, என்றார்.

அந்த இடத்தில் பெரியப்பா தலைகுனிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஒரு நொடி அவர் பானட்டைத்தான் பார்த்தார். அவர் முகம் அழுகிற முகமாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"கொடத்துல என்னடா கலந்த?"

மாமா குடத்தைக் கீழே வைத்தார். "கெணத்துத் தண்ணிங்க மச்சான்."

"காஸ்டிக்கக் கரச்சுக் கொண்டாந்து ஊத்திப்போட்டு, பேச்சப் பாரு. நான் சாயப்பட்டறைக்காரன், எனக்குத் தெரியாதா? தங்கச்சி வாழற ஊட்டு வண்டிக்கு ஆசிட் ஊத்தறவன் சொல்றதயா நீங்க கேக்கறீங்க?"

சாயத்துக்குப் போடும் காஸ்டிக் காரமா, ஆசிட்டா என்றுகூட அவருக்குக் குழப்பம். யாரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்ததைச் சொன்னேன். "இல்லீங்க பெரியப்பா, நான் கூடத்தான போனேன், மாமா எதும் போடலீங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பெரியப்பா என் தலையைத் தடவி, "கண்ணு, நீ போயி வண்டியில ஏறு" என்றார். கூட்டத்தில் ஒருவர், கொழந்தைக்கு மாமன் பாசம், என்றார். அத்தோடு என் சாட்சி முடிந்தது.

அப்பா எனக்கும் அம்மாவுக்கும் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். லேபில் கொடுத்துப் பார்க்கிறேன் என்று பெரியப்பா அந்தக் குடத்தை எடுத்து டிக்கியில் போட்டார். வண்டி நகரும்போது அம்மா திரும்பிப் பார்த்தார். மாமா வெறுங்கையோடு நின்றிருந்தார்.

இரண்டு நாளில் கோட்டிங்காரர் வந்தார். பானட்டை டியூப்லைட் பிடித்துப் பார்த்தார். நான் ஷெட் ஜன்னலில் நின்றிருந்தேன்.

"போர்த் தண்ணி மார்க்குங்க. காஸ்டிக்கா இருந்தா பெயிண்ட்டே நெறம் மாறியிருக்கும். நான் அன்னிக்கே சொன்னனுங்களே, இந்தத் தண்ணி ஆகாதுன்னு" என்றார்.

பெரியப்பா, சரி, தேய்ச்சு எடுங்க என்றார். அவ்வளவுதான். அவருக்கு அன்றைக்கே தெரியும். நன்றாகக் கவனியுங்கள், அவருக்குத் தெரியும்.

தெரிந்த பிறகும், அடுத்த வாரம் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது லைன் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, எந்தத் தண்ணியில வண்டி கழுவற என்று கேட்டார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். புருஷன் வேலையும் குடியிருக்கிற வீடும் இவர் கையில். "போர்த் தண்ணிலதாங்கய்யா" என்றார். எங்கள் ஊர் 'ங்க' அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தத் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போன அக்கா குடும்பம் திரும்பி வரவில்லை. நசுங்கிய தேக்சா ஷெட்டு மூலையில் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு காணவில்லை.

ஊரில் மனு இரண்டுபட்டது. பாதிப் பேர் மாமா கலந்திருப்பார் என்றார்கள், பாதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். மனு போகவே இல்லை. எங்களுக்கும் மாமா வீட்டுக்கும் பேச்சு நின்றது. அம்மா சமையலறையில் அப்பாவிடம் ஒரே ஒருமுறை, "எங்கண்ணன் கலக்கலீங்க" என்றார். எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான் என்றார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா பிறந்த வீட்டுக்குப் போனது அவரைப் பெற்ற அம்மாயி செத்ததற்குத்தான். அன்றைக்கும் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

தென்னைகள் ஒவ்வொன்றாக மொட்டையாக நின்றன. மாமா வெட்டி விற்றார். இப்போது அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட்டில் நூல் மூட்டை கணக்குப் பார்க்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் தண்ணீர் ஜக்கோடு வந்தால் பெரியப்பா வகையறாவில் யாராவது ஒருத்தன், "மாமா கையால தண்ணி குடிக்கலாமுங்களா, எதாச்சும் கலந்திருக்குமா?" என்பான். பந்தியே சிரிக்கும். மாமாவும் சிரித்துக்கொண்டே ஊற்றுவார். போன தை மாதம் என் இலைக்கு முன்னால் அது நடந்தது. அவர் என் டம்ளரிலும் ஊற்றினார். நான் குடித்தேன். வேறென்ன செய்ய முடிந்தது.

அந்தக் காரின் பளபளப்பில் நானும் முகம் பார்த்தவள். அந்தப் பட்டறைச் சோற்றில்தான் வளர்ந்தேன், நாம் படித்த பள்ளிக்கு ஃபீஸ் கட்டியதும் அதுதான். பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

உங்களையும் கேட்கிறேன். உங்கள் வீட்டு வண்டிகளை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள்? பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தவர்களுக்கு எந்தத் தண்ணீர் போனது? தெரியாது என்று சொல்லாதீர்கள். நாம் எல்லாரும் ஷெட்டுக்குப் பக்கத்தில்தான் விளையாடினோம்.

லேபுக்கு என்று எடுத்துவந்த குடம் எந்த லேபுக்கும் போகவில்லை. அக்காவுக்குப் பிறகு கார் கழுவ வந்தவர்கள் அதில்தான் நல்ல தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். கார் விற்றுப் போனது. பட்டறையும் போனது. குடத்தை அம்மா எடுத்து வைத்திருந்தார், இப்போது என்னிடம் இருக்கிறது. கழுத்தில் மாமா பேரின் முதல் எழுத்து வெட்டியிருக்கிறது.

பெரியப்பா, விழாவில் நான் முன்வரிசையில் குடத்தோடு உட்கார்ந்திருப்பேன். மாமாவையும் கூட்டி வருகிறேன். நீங்கள் கன்று நடுங்கள், மாலை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், மைக்கில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள்.

அந்தக் காரை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? இந்தக் குடத்தில் என்ன இருந்தது?